கொடி ஏறும் வரை

கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கும் அந்தத் தொழிலாளர் லைனுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் முதல் வேலை கம்பத்துக் கொடியைப் பாதிக்கு இறக்குவது. பந்தல், தப்பட்டை, உறவுக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் அதற்குப் பிறகுதான். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் வந்த வழக்கம் இது. ஷிப்ட் முடிந்து மண்ணுக்கடியிலிருந்து மேலே வந்தவர்கள் தெரு முனையில் திரும்பும்போதே அண்ணாந்து பார்ப்பார்கள். தொழிற்சங்கத்துக் கொடி உச்சியில் பறந்தால் நிம்மதியாகக் குளிக்கப் போவார்கள். பாதியில் தொங்கினால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யார் வீடு என்று தேடி நடப்பார்கள்.

சுரங்கத்தை மூடினார்கள். சங்கம் போயிற்று, அதன் கொடியும் போயிற்று. கம்பம் மட்டும் நிற்கிறது. சுரங்கத்துக்குள் காற்று அனுப்பிய பழைய இரும்புக் குழாய் அது. கரையானும் தின்னாது, காயலான் கடைக்காரனாலும் பிடுங்க முடியாது. வருஷத்தில் இரண்டு நாள் அதில் தேசியக் கொடி ஏறும். மற்ற நாளில் யாராவது செத்தால் ஒரு வெள்ளைத் துண்டைப் பாதிக் கம்பத்தில் கட்டுவார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டு மாரிகுப்பம் ரயிலில் திரும்புகிறவர்கள் இப்போதும் அந்த முனையில் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கத்தான் செய்கிறார்கள்.

கொடி ஏறும் நாளில் மட்டும் இதுவரை யாரும் செத்ததில்லை. அந்தச் சிக்கலை லைனுக்குக் கொண்டுவந்தவர் பாண்டுரங்கன். அதுவும் அந்தக் கொடியைத் தன் கையால் கட்டிவிட்டு வந்த கையோடு.

பாண்டுரங்கன் சுரங்கத்தில் பேங்க்ஸ்மேனாக இருந்தவர். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் நின்று, ஆட்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்தி, மணி அடித்து இறக்குவார். திரும்ப மேலே வந்தால் கதவைத் திறந்து வாங்கிக்கொள்வார். கயிற்றோடும் கம்பியோடும் பழகிய கை. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடிக்குள் பூ வைத்து மடித்து, முடிச்சுப் போட்டு, உச்சிக்கு ஏற்றி வைப்பது அவர்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். அவர் போட்ட முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும். பக்கத்து லைனில் ஒரு தடவை விருந்தாளி கயிற்றோடு மல்லுக்கு நின்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும், இருமல் மூச்சுவாங்கலாகும், அப்படியே உட்கார்ந்துவிடுவார். கல்தூசி நெஞ்சில் இறங்கிய இருமல் அது. விடிந்துவிட்டது என்று லைனுக்குச் சொல்வதே அந்த இருமல்தான்.

அந்தச் சுதந்திர தினக் காலையிலும் இருமிக்கொண்டேதான் கொடியைக் கட்டி ஏற்றினார். வீட்டுக்குப் போய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி பாப்பம்மா டீயை ஆற்றிக்கொண்டு வருவதற்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

பாப்பம்மா கத்தவில்லை. அவள் நம்பவே இல்லை. டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். எதிர்வீடு லைன் கமிட்டிச் செயலாளர் சௌந்தரராஜனுடையது.

“சௌந்தரு, செத்த வந்து பாருப்பா. அவரு கூப்ட்டா இன்னான்னு கேக்க மாட்றாரு.”

சௌந்தரராஜன் ஓடினான். பின்னாலேயே அவன் மனைவி ஷோபாவும் வந்தாள். அவன் பெரியவரின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான், நெஞ்சில் காது வைத்துப் பார்த்தான். உயிர் இல்லை. பாண்டுரங்கனின் விரல் நுனியில் செவ்வந்தி இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

சௌந்தரராஜன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் அவன் தலையில் போட்டுவிட்டு நாம் சுலபமாகத் தப்பித்துக்கொள்வோம். பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். இருட்டோடு ரயில் ஏறி இருட்டோடு திரும்புகிறவன். லைனில் இருக்கும் வீடுகள் சுரங்கக் கம்பெனி கட்டியவை. நாலு தலைமுறையாகக் குடியிருந்தும் யார் பேரிலும் பட்டா கிடையாது. அதற்காக அவன் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஒரு ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், “எந்த ஊரு?” என்று கேட்டார். “மைசூர் மைன்ஸ்” என்றான். “அது சரி. சொந்த ஊரு?” என்றார். முப்பாட்டன் வட ஆற்காட்டில் எந்தக் கிராமத்திலிருந்து மூட்டை கட்டினார் என்பது சௌந்தரராஜனுக்குத் தெரியாது. வாய் அடைத்துப்போய்த் திரும்பி வந்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வெறி. பட்டா விஷயத்தைப் பார்க்கிற பெரிய அதிகாரியை ஒரு தடவையாவது லைனுக்குக் கூட்டிவர வேண்டும். தேசியக் கொடிக்குக் கீழே லைன் மொத்தமும் நிற்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். நாங்கள் எந்த ஊர் என்று அந்தக் கொடியே அவருக்குச் சொல்லட்டும் என்று நினைத்தான். கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தான். அவர் வருகிற நேரமும் ஆகிவிட்டது.

வழக்கப்படி இப்போது கொடியைப் பாதிக்கு இறக்க வேண்டும். சுதந்திர தினத்தன்று இறக்கினால் எவனாவது போனில் படம் எடுப்பான். தமிழாளுங்க கொடியை இறக்கிவிட்டார்கள் என்று அது ஊரெல்லாம் சுற்றும். விழாவே வேண்டாம் என்று நிறுத்தினால் அதிகாரி இன்னொரு தடவை வருவாரா? சௌந்தரராஜன் பாண்டுரங்கனின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தான்.

“அக்கா” என்றான்.

பாப்பம்மா நிமிர்ந்தாள்.

“ஆபீசர் வந்துகினு கீறாரு. கொடி ஏத்திட்டு அவரு கெளம்பற வரைக்கும்... சத்தம் போடாம இருக்க முடியுமாக்கா?”

“இன்னா பேசற நீ?” என்றாள் ஷோபா. “மன்சன்தானா?”

“எனக்காகவா கேக்கறேன்? லைனுக்காகத்தானே. இந்த வீடு அக்கா பேருக்கும்தானே வரணும்.”

ஷோபா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்கும் பட்டா இல்லை.

“ரூபாவுக்குச் சொல்லணுமேப்பா” என்றாள் பாப்பம்மா. ரூபா ஒரே மகள். பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தது.

“அப்புறம் சொல்லலாம்கா. இப்ப சொன்னா அவ இங்க எல்லாருக்கும் போன் போடுவா. தெரு கூடிடும்.”

பாப்பம்மா புருஷனின் சட்டையைப் பார்த்தாள். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நேராக்கினாள்.

“அவரு கட்டின கொடி” என்றாள். “ஏறட்டும். நீ போய் வேலையப் பாரு.”

அவள் சம்மதித்துவிட்டாள் என்று சௌந்தரராஜனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவனால் சோறு தின்ன முடியவில்லை.

மூன்று பேருமாகப் பாண்டுரங்கனைக் கட்டிலில் கிடத்திக் கழுத்து வரை போர்த்தினார்கள். தாடையைக் கட்டவில்லை. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டவில்லை. தலைமாட்டில் விளக்கு ஏற்றவில்லை. யாராவது எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா. காலமெல்லாம் முடிச்சுப் போட்ட மனிதருக்கு ஒரு முழத் துணியால் கட்டுப் போட ஆளில்லாமல் போயிற்று. பாப்பம்மா உள்ளே இருந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்பத்தடியில் சௌந்தரராஜன் நிற்கும்போதே ஷோபா நேசமணியிடம் சொன்னாள். நேசமணிதான் மைக் செட் பார்க்கிறவர், பாண்டுரங்கனோடு சர்ச் தெருவில் சீட்டு ஆடுகிற கூட்டாளி. கேட்டதும் அப்படியே கீழே குந்திவிட்டார்.

“தப்பு சௌந்தரு” என்றார். “கர்த்தரே, ரொம்பத் தப்பு.”

சொல்லிவிட்டு எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

விஷயம் காதோடு காதாக வீடு வீடாகப் போயிற்று. அந்த லைனைப் போல எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிற லைன் கோலார் தங்கவயலிலேயே கிடையாது. குழாயடியில் யார் குடம் முதலில் என்பதில் சண்டை, மாரியம்மன் ஊர்வலம் எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் சண்டை. அன்றைக்கு ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. எத்தனை கூட்டம் போட்டும் வராத ஒற்றுமை, ஒரு பொம்பளையின் அழுகையை அடக்கி வைக்கிறதுக்கு வந்தது. பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னச் சின்னக் கொடிகள் கொடுத்தார்கள். எல்லாரும் வாங்கிக் குத்திக்கொண்டார்கள்.

அதிகாரி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். சாதாரணமான ஆள், காரிலிருந்து இறங்கியதும் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். சௌந்தரராஜன் அவருக்குச் சால்வை போர்த்தினான், கம்பத்தடிக்குக் கூட்டிப்போனான். அவர் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. கொடி பூப்போல விரிந்து, செவ்வந்தி இதழ்கள் அவர் தலையிலும் தோளிலும் கொட்டின. சிறு பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் அதற்குப் பிறகு, ஞாபகம் வந்ததைப்போலத் தட்டினார்கள்.

தேசிய கீதம் ஆரம்பித்தது. நேசமணி மைக்கில் பாட, லைன் முழுக்க விறைத்து நின்று பாடியது. பாதிப் பாட்டில் சாத்திய கதவுக்குப் பின்னால் போன் மணி அடித்தது.

எல்லாருக்கும் தெரியும் அது யார் என்று. வருஷா வருஷம் ரூபா இந்த நேரத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டுக் கொடி ஏறியதா என்று கேட்பாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பாப்பம்மா எடுக்கவில்லை. எடுத்து மகள் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவாள், அது அவளுக்குத் தெரியும். நேசமணியின் குரல் ஓரிடத்தில் பிசிறியது. மற்றவர்கள் இன்னும் சத்தமாகப் பாடினார்கள். மரியாதைக்காகப் பாடவில்லை, அந்த மணிச் சத்தத்தை மூடுவதற்காகப் பாடினார்கள்.

பாட்டு முடிந்ததும் அதிகாரி கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

“லேட்டாயிடுச்சு, க்ஷமிசி, மன்னிக்கணும். வர்ற வழியில இன்னொரு இடத்துல கொடி ஏத்தக் கூப்ட்டிருந்தாங்க. போனா, அங்க ஒரு பெரியவரு காலமாயிட்டாரு. கார்கிட்ட வந்து சொன்னாங்க. சரி, மொதல்ல அந்த வீட்டுக்குப் போலாம்னு போய் மாலை போட்டேன். அப்புறம் பேச்சு எதுவும் இல்லாம கொடிய மட்டும் ஏத்திட்டு வந்தேன். அதுல என்ன இருக்கு? மனுஷங்களுக்குத்தானே கொடி.”

கூட்டத்தில் ஒருத்தரும் அசையவில்லை. எல்லாருடைய கண்ணும் சௌந்தரராஜன் மேல் இருந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். சார், இங்கேயும் அப்படித்தான் சார் என்று ஒரு வரி போதும். இவ்வளவு நேரம் மறைத்ததை இப்போது சொன்னால் அவர் தன்னை என்ன நினைப்பார் என்று அவனுக்குத் தோன்றியது. பட்டா, லைன் எல்லாம் அந்த நிமிஷத்தில் அவன் நினைப்பிலேயே இல்லை. தன் மானம் ஒன்றுதான் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் நின்றான்.

பேச்சை முடித்துவிட்டு அதிகாரி கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இந்த முடிச்சு யாரு போட்டது? நான் எத்தனையோ கொடி இழுத்திருக்கேன், பல்லைக் கடிச்சு இழுக்கணும். இது தானா வந்துச்சு.”

“பாண்டுரங்கன்னு சார்... பேங்க்ஸ்மேனா இருந்தவரு” என்றான் சௌந்தரராஜன்.

“கூப்பிடுங்க அவர.”

“ஒடம்பு சரியில்ல சார். படுத்துனு கீறாரு.”

“அப்போ நானே போய்ப் பாக்கறேன்.” தோளில் இருந்த சால்வையைக் கழற்றி மடித்தார். “இது எனக்கெதுக்கு? அவருக்குத்தான் சேரணும். எந்த வீடு?”

யாரும் கை காட்டவில்லை. ஆனால் அத்தனை கண்ணும் அந்தக் கதவுக்குத்தான் போயின. அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். சௌந்தரராஜன் முன்னால் ஓடி, “பாப்பம்மாக்கா, சார் வந்துகினு கீறாரு” என்று சத்தமாகச் சொன்னான். குரல் அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது.

கதவு திறந்தது. பாப்பம்மா வாசலில் நின்றாள். முகம் கழுவியிருந்தாள். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் ஏறி, அவள் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தார். கட்டிலில் வெள்ளைச் சட்டைக் காலர் தெரிந்தது, நரைத்த தலை தெரிந்தது.

“தூங்கறாரா?”

பாப்பம்மா சௌந்தரராஜனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமா சாமி” என்றாள். “தூங்கறாரு.”

“எழுப்ப வேணாம், எழுப்ப வேணாம்” என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல மனிதர். தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாது என்று அடி மேல் அடி வைத்துப் பின்வாங்கினார். சால்வையை அவள் கையில் கொடுத்தார். பின்னால் லட்டுத் தட்டோடு நின்ற ஷோபாவைப் பார்த்ததும் ஒரு லட்டை எடுத்தார்.

“ஸிஹி தகொள்ளிம்மா. இன்னைக்கு எல்லாரும் இனிப்பு சாப்பிடணும்.”

பாப்பம்மா வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் போகவில்லை, தான் கொடுத்ததை அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்று சிரித்தபடி நின்றார். உள்ளே புருஷன் கிடக்கிறான். சாவு வீட்டில் அடுப்பே மூட்டமாட்டார்கள். பாப்பம்மா லட்டை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள்.

அவள் தொண்டை ஏறி இறங்கியதைச் சௌந்தரராஜன் பார்த்தான். காலுக்கடியில் இருக்கிற பழைய சுரங்கம் இடிந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அவனுக்கு அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன் வந்ததில்லை. அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்றபோதுகூட வரவில்லை. அங்கே அவமானப்படுத்தியது இன்னொருத்தன். இங்கே அவனே.

அதிகாரி அவன் தோளைத் தட்டி, வீட்டு விஷயத்தை நல்லபடியாகப் பார்க்கலாம் என்றார். கார் முனை திரும்பி மறைந்தது.

கூட்டம் பாப்பம்மாவின் வாசலுக்கு வந்து, படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. முதலில் உள்ளே போக யாருக்கும் துணிவில்லை. சாவென்றால் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருகிற பெண்கள் தலையில் இருந்த பூவை ஒளித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாப்பம்மா அதே இடத்தில், கையில் சால்வையோடு நின்றாள். உதட்டோரம் லட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

“கார் பூட்ச்சா?” என்று கேட்டாள்.

“பூட்ச்சுக்கா.”

“இப்ப அழலாமா தம்பி?”

கோபமாகக் கேட்கவில்லை. குத்தலாகவும் கேட்கவில்லை. குழாயடியில் நான் பிடிச்சுக்கட்டுமா என்று கேட்பதுபோல, உண்மையாகவே கேட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை. காலையிலிருந்து அழுத்தி வைத்தது எங்கேயோ போய் அடைத்துக்கொண்டுவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தெருவைப் பார்த்தாள்.

உள்ளே மறுபடி போன் அடித்தது. அவள் போய் எடுத்து வந்து அவனிடம் நீட்டினாள்.

“ரூபாதான். நீயே சொல்லுப்பா. எனக்குக் கொரலு வரல.”

அவன் பட்டனை அழுத்திக் காதில் வைத்தான்.

“இன்னா நைனா, எத்தினி வாட்டி போன் போடறது? கொடி ஏறிச்சா?”

சௌந்தரராஜன் அண்ணாந்து பார்த்தான். கொடி உச்சியில் பறந்துகொண்டிருந்தது.

“ஏறிச்சும்மா” என்றான்.

“யாரு, சௌந்தரு மாமாவா? நைனா எங்க?”

அப்போதுதான் அவன் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கிளம்பியது. பாப்பம்மா கட்டிலண்டை போய்விட்டிருந்தாள். அது ஒப்பாரி இல்லை, வார்த்தை இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்த ஒரே சத்தம். அது போனுக்குள்ளும் போயிற்று.

“எப்ப மாமா?” என்றாள் ரூபா.

பொய் நாக்கு நுனியிலேயே இருந்தது. இப்பதாம்மா என்று சொல்லியிருக்கலாம். லைன் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“காலைலயே” என்றான்.

“காலைலயேவா?” என்றாள் ரூபா. “அப்ப நான் அவ்ளோ வாட்டி போன் போட்டப்ப... யாருமே எடுக்கலியே மாமா. இன்னா செஞ்சினு இருந்தீங்க எல்லாரும்?”

சட்டையில் குத்தியிருந்த சின்னக் கொடியைச் சௌந்தரராஜன் விரலால் மூடிக்கொண்டான்.

“தேசிய கீதம் பாடினு இருந்தோம்மா” என்றான்.